முட்டையும் எண்ணெயும் இல்லாத சலாது

1974 ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் பதுளை ரயில் கொழும்புக் கோட்டை நிலையத்தை விட்டுக் கிளம்பியது. பதுளைக்கு நூற்றெண்பத்தொரு மைல். பத்தரை மணி நேரப் பயணம். என் தலைக்கு மேலே சாமான் தட்டில், துவாயில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்த ஒரு போத்தல் இருந்தது. அது சலாது எண்ணெய், ஆறிய மரக்கறிக் கலவைகளுக்கு விடும் வெள்ளைக்கார எண்ணெய். இறக்குமதி நின்று போன அந்த நாட்களில் கொழும்புக் கடைகளிலேயே அது கிடைக்காது. கப்பலில் வேலை செய்யும் ஒருவர், தன் மகளின் டீச்சர் கேட்டாள் என்பதற்காக எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தது.

அந்த டீச்சர் நான்தான். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். என் சின்ன மாமா கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பது வருடம் மருந்து கலப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பாமல், கையில் கிடைத்ததைப் போட்டுப் பதுளையில் பழைய வீடொன்றை வாங்கி, ஐந்து அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். தொடங்கி ஆறு மாதத்தில் ஆட்கள் வந்தது குறைவு. இப்போது கொழும்பிலிருந்து ஒரு பயண முகவர், வெளிநாட்டுக்காரர் எட்டுப் பேரை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருவதாக எழுதியிருந்தார். சாப்பாடு பிடித்தால் தொடர்ந்து அனுப்புவாராம். குளிர்ந்த இறைச்சி, பாண் எனும் ரொட்டி, பழம், மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்குச் சலாது என்று பட்டியலையும் அவரே அனுப்பியிருந்தார்.

மயோனைஸ் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டை மஞ்சட்கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தெடுக்கும் வெள்ளைக்காரக் கூட்டு அது. எண்ணெய் இல்லாவிட்டால் மயோனைஸ் இல்லை. மாமாவிடம் இருந்த சமையற்காரர் போன மாதம் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். மாமி மகளின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். ஆகவே எண்ணெயும் சமையலும் என் பொறுப்பாயின.

பகல் இரண்டு மணிக்கு நானுஓயாவில் பெரிய பிரம்புக் கூடையோடு ஒருவர் ஏறினார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் என்றும் பெயர் காசிம் என்றும் பிறகு தெரிந்தது; முஸ்லிம் பெரியவர்களை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்போம். கூடையைத் தட்டில் என் பைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு எதிரே அமர்ந்து, நான் யார், என்ன வேலை என்று விசாரித்தார். பட்டிப்பொலவில் குளிர் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறோம் என்று பலகை சொன்னது. ஒஹியாவைத் தாண்டிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு சுரங்கத்தின் இருட்டுக்குள் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிற்று. மேலே கூடை சரிந்தது, அதோடு என் பையும் விழுந்தது. வெளிச்சம் வந்தபோது துவாயின் வழியே எண்ணெய் என் காலடிக்கு ஓடி வந்துகொண்டிருந்தது.

"அல்லாவே! என்ன டீச்சர் அது, தேங்காயெண்ணெயா?" காசிம் நானா எழுந்துவிட்டார்.

இல்லை என்றேன். என்ன எண்ணெய், எதற்கு, யாருக்கு என்று சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. "என்ட கூடையால வந்த நட்டம். பண்டாரவளையில, வெலிமடையில, பதுளையில எங்க தேடினாலும் இது கிடைக்காது. நான் கடைக்காரன், எனக்குத் தெரியும்" என்றார். இரண்டு பேருமாகக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினோம். அவர் தன் கூடையிலிருந்த பழைய பத்திரிகையால் தரையைத் துடைத்தார்.

ஹப்புத்தளையில் ரயில் நின்றபோது திடீரென்று கேட்டார். "டீச்சர், அந்த வெள்ளைக்காரச் சலாதுக்கு முட்டையும் எண்ணெயும் கட்டாயம் வேணுமா?"

"கட்டாயம்."

"அப்ப ஒரு விசயம் சொல்றேன். ஸ்பிரிங்வெளிக்குப் போற ரோட்டில ஒரு தோட்டத்துப் பங்களாவுக்குப் பத்து வருசம் நாந்தான் சாமான் குடுத்தேன், இப்ப ரெண்டு மூணு வருசமாப் போகல்ல. அங்க ஆறுமுகம் எண்டு ஒரு அப்பு." தோட்டத்துத் துரைமாரின் பங்களாச் சமையற்காரரை அப்பு என்றுதான் அங்கே சொல்வார்கள். "அந்த ஆளுட கிழங்குச் சலாதுக்காகவே மத்தத் தோட்டத்துத் துரைமார் காரில வருவாங்க. எல்லாரும் வெண்ணெய் மாதிரி இருக்கு எண்டு சொல்லுவாங்க. துரைக்கு முட்டை ஆகாது, உடம்பெல்லாம் தடிக்கும். அந்தப் பங்களாவுக்கு நான் ஒரு முட்டை குடுத்ததில்ல. எண்ணெயும் தேங்காயெண்ணெய் மட்டுந்தான், அதுவும் விளக்குக்கும் பொரியலுக்கும்."

"பிறகு எப்படி அவர் செய்தார்?"

"அதத்தான் நானும் பத்து வருசமாக் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிடுவான்."

பண்டாரவளையில் இறங்கும்போது ஒரு கடதாசியில் தோட்டத்துக்குப் போகும் வழியை எழுதிக் கொடுத்தார். வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் இரண்டு இறாத்தலையும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் பைக்குள் வைத்தார். அங்கிருந்து ரயில் சரிவில் இறங்கியது. தெமோதரையில் பாதை ஒரு வட்டம் போட்டு, ரயில் சற்று முன் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகிறது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் முட்டையும் எண்ணெயும் இல்லாமல் கிழங்கு எப்படி வெண்ணெயாகும் என்ற கேள்விதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்குப் பதுளை. மாமா நிலையத்தில் நின்றார். என் கையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது போலும்.

"போத்தில் எங்கை பிள்ளை?"

"உடைஞ்சு போச்சு மாமா."

மாமா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் புதிதாகப் பூசிய நீல வர்ணம், மேசைகளில் புது விரிப்பு. மாமாவே தட்டச்சில் அடித்த சாப்பாட்டு அட்டைகள் எட்டு, நடுவில் அடுக்கியிருந்தன. அதில் மயோனைஸ் என்ற சொல்லும் இருந்தது.

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. தேங்காயெண்ணெயில் முயன்று பார்க்கலாம் என்று குசினிக்குள் போனேன். போத்தலைச் சரித்தால் எண்ணெய் வரவில்லை. வெள்ளையாக உறைந்திருந்தது. பதுளை இரண்டாயிரத்து இருநூறு அடி உயரத்தில்தான் இருக்கிறது, இருந்தும் எண்ணெய் உறைய அந்தக் காலைக் குளிரே போதும். உருக்கி எடுத்து மூன்று மஞ்சட்கருவில் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தேன். கூடி வருவதுபோல் வந்தது. பத்து நிமிடம் கிண்ணத்தை மேசையில் வைத்தேன், மறுபடி உறைந்து மணல்போலத் திரிந்துவிட்டது. பதினான்கு வருடம் மயோனைஸ் படிப்பித்தவள் நான். மாமா வாசலில் நின்று கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "விடு பிள்ளை, அந்த முகவருக்கு வர வேண்டாமெண்டு ஒரு தந்தி அடிப்பம்" என்றார். அவர் கைகள் சாப்பாட்டு அட்டைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தன.

"மத்தியானம் வரைக்கும் தந்தி அடிக்காதேங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சந்தையில் வெலிமடைப் புதுக்கிழங்கு ஆறு இறாத்தல் வாங்கினேன். தோல் இன்னும் விரலால் உரியும் அளவுக்குப் புதிது. கடுகு, ஒரு போத்தல் தென்னை வினாகிரி, சின்ன வெங்காயம். எட்டரை மணி பஸ்ஸில் ஏழு மைல், அறுபது சதம். பஸ்ஸின் வலப்பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். இடப்பக்கம் உட்கார்ந்தால் மலைச்சுவரும் பாசியும்தான். எனக்கு இடப்பக்கம்தான் கிடைத்தது. காசிம் நானா எழுதியபடி இரண்டாம் பாலத்தடியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒரு மைல் ஏறினேன். தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். ஒவ்வொரு லயத்திலும் பத்துப் பன்னிரண்டு அறைகள், முன்னால் ஒரு ஓடை.

ஆறுமுகத்தின் வீடு எது என்று கேட்டேன். துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்களே. காச்சல்ல போயிட்டாரு. அவரு சம்சாரம் பாக்கியம் இருக்கு. இன்னிக்கி வேல இல்ல, வெறகுக்குப் போயிருக்கு. இப்ப வந்துரும், உக்காருங்க."

வெயிலில் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். இத்தனை தூரம் வந்து இறந்து போனவரைத் தேடியிருக்கிறேன். எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விறகுக்கட்டோடு பாக்கியம் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த, உயரமான பெண். பின்னால் ஆறு வயது மகள், பெயர் ராணி. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். பாக்கியம் விறகைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"அந்தச் சலாது எப்பிடிச் செய்றதுன்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சரம்மா. பங்களாக் குசினிக்குள்ள எங்களையெல்லாம் விட மாட்டாங்க. அவரும் சொன்னதில்ல. ஆனா கடுகு மட்டும் நாந்தான் அரைச்சுக் குடுப்பேன். பங்களா அம்மியில அரைச்சா நறநறன்னு இருக்காம். இந்த அம்மியில, வினாகிரி விட்டு, மை மாதிரி."

"வேறென்ன தெரியும்?"

"திங்கத் தெரியும். ஒரே ஒரு தடவ எலையில கட்டிக் கொண்டாந்து குடுத்தாரு. இவ பொறந்த அன்னிக்கி." மகளைக் காட்டினாள். "அந்த ருசி நாக்கில இருக்கு. குடுத்தா கண்டுபிடிச்சிருவேன்."

நான் யோசித்தேன். காசிம் நானாவுக்கு எது வாங்கப்படவில்லை என்பது தெரியும். இவளுக்குக் கடுகும் ருசியும் தெரியும். எனக்குக் கிழங்கைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளது தெரியும். செய்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

பாக்கியம் என் பையில் இருந்த கிழங்கைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டாள்: "சரியா வந்திருச்சுன்னா எனக்கு அங்க வேல குடுப்பீங்களா? இங்க வாரத்துக்கு மூணு நாளுதாங்க வேலைக்கிப் பேர் போடுறாங்க. மழ இல்ல, கொழுந்து இல்ல."

என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேட்டெல்லாம் சொல்ல வேணாங்க. சரியா வந்தா நாளைக்கி நானே வந்து செய்றேன். தின்னுட்டு அவங்க சொல்லட்டும்."

அவள் அறைக்கு அங்கே காம்பரா என்று பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். மூலையில் அடுப்பு, சுவரெல்லாம் புகைக் கறுப்பு. பத்தரை மணிக்குத் தொடங்கினோம். முதலாவது முறை கிழங்கைத் தோலோடு அவித்தோம், புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. எண்ணெய்க்குப் பதிலாக என்ன சேர்ப்பது? அவித்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, ஒரு கிழங்கை அதில் மசித்து, கடுகு வினாகிரியைக் கலந்து ஊற்றினேன். தண்ணீர் தனியே, கிழங்கு தனியே நின்றது. பாக்கியம் நாக்கில் வைத்தாள்.

"கஞ்சிங்க."

வாசலில் நாலைந்து பிள்ளைகள் கூடியிருந்தார்கள். பாக்கியம் அந்தக் கஞ்சியை அவர்களிடம் கொடுத்தாள். நான் அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பியபோது சட்டி வழித்து நக்கியதுபோல் இருந்தது.

அப்போது பாக்கியம் சொன்னாள்: "கெழங்கு அவிச்ச தண்ணியக் கீழ ஊத்துனா குசினிப் பையனுக்கு அடி விழுகுமாம். அவரு சொல்லிச் சிரிப்பாரு."

அப்படியானால் அந்தத் தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது. தோலோடு அவித்தால் கிழங்கின் மாச்சத்து தண்ணீருக்கு வராது. இரண்டாம் முறை தோலைச் சீவி, துண்டாக்கி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு அவித்தோம். தண்ணீர் பால்போல் வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆறட்டும் என்று வைத்தோம், சலாது என்றால் ஆறிய பண்டம் அல்லவா? ஆறிய கிழங்கு இரண்டை மசித்து, தண்ணீர் விட்டு, கடுகு சேர்த்துக் கடைந்தேன். கடையக் கடைய இழுவையாகி அகப்பையில் ஒட்டிக்கொண்டது.

"பசைங்க டீச்சரம்மா. செவத்துல காயிதம் ஒட்டலாம்."

இருவரும் சிரித்துவிட்டோம். பசையும் வாசலுக்குப் போயிற்று, அதுவும் மிஞ்சவில்லை. இரண்டு இறாத்தல் கிழங்குதான் மீதி இருந்தது. நேரம் ஒரு மணி ஆகிவிட்டது. மாமா தந்திக் கந்தோருக்குக் கிளம்பியிருப்பாரோ என்று பயமாக இருந்தது. இனி வீணாக்க முடியாது. நான் அடுப்புக்கு முன் குந்திக்கொண்டு, பிழை எங்கே என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் மூன்றாம் முறைக்குக் கடுகு அரைக்கத் தொடங்கியிருந்தாள். பாதியில் அவள் கை நின்றது.

"ஓடு ஓடுன்னு வெரட்டுவாரு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஆளு விட்டுச் சொல்லி அனுப்புவாரு. நான் கடுகை எடுத்துக்கிட்டு மேட்டுல ஓடணும். பங்களாப் பின்வாசப் படியில சட்டியக் கையில வச்சிக்கிட்டு நிப்பாரு. உள்ள கூடப் போக மாட்டாரு. படியிலயே வாங்கிக் கொட்டிக் கிண்டுவாரு. நான் பாத்திருக்கேன். ஆவி பறக்கும்! அவரு மூக்கு முழி தெரியாது, அப்பிடி ஆவி."

சூட்டிலேயே செய்ய வேண்டியது! ஆறிய கிழங்கை அடித்தால் பசையாகும், ஆவி பறக்கும்போது மசித்தால்தான் மாவாகக் கரையும். எனக்கு அது விளங்கிற்று. ஆனால் அந்தப் படியில் நின்று பார்த்தவள் அவள்.

இம்முறை அகப்பையை அவளிடமே கொடுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியில் மூன்று துண்டுக் கிழங்கை மட்டும் தனியே நசுக்கி, கொதித்த தண்ணீரை அரை அரை அகப்பையாக விட்டாள். உடனே கடுகு வினாகிரி, உப்பு, மிளகு. கண் எரிந்தது, மூக்கில் ஏறியது. நாலு சுற்றில் அது தயிரேடு போலத் திரண்டு பளபளத்தது. மிச்சக் கிழங்கைச் சுடச்சுட அதில் போட்டுப் புரட்டினாள். கிழங்கு உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரிந்தது. வினாகிரியில் ஊறிய வெங்காயத்தையும், பையில் கிடந்த காசிம் நானாவின் லீக்ஸிலிருந்து பொடியாக அரிந்த பச்சைத் தண்டையும் மேலே தூவி மூடி வைத்தோம். லீக்ஸ் என் யோசனை, ஆறுமுகம் என்ன போட்டார் என்று அவளுக்கு நினைவில்லை.

அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பாக்கியம் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விழுங்கவில்லை, நெடுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

"இதுதாங்க" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, அம்மியைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவிய அம்மி அது. மகள் ராணி என் கையைச் சுரண்டி, "எனக்கு?" என்று கேட்டாள். இரண்டு கரண்டி வைத்துக் கொடுத்தேன்.

மூன்று மணி பஸ்ஸில் மூடிய கிண்ணத்தோடு பதுளைக்கு வந்தேன். மாமா தந்தி எழுதி வைத்திருந்தார், அனுப்பவில்லை. ஒரு கரண்டி சாப்பிட்டார். இன்னொரு கரண்டி சாப்பிட்டார்.

"எண்ணெய் எங்கையிருந்து எடுத்தனீ?"

இல்லை என்பதை நம்பவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நம்பியதும் முகம் தெளிந்தது. உடனேயே ஒரு யோசனையும் வந்துவிட்டது. "பிள்ளை, அட்டையிலை மயோனைஸ் எண்டு கிடக்கட்டும். சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. முகவர் கேட்டது அதைத்தான்." எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் போத்தலை உடைத்துக்கொண்டு வந்தவள் என்ற குற்ற உணர்வில் வாய் மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கே பாக்கியம் அரைத்த கடுகை ஒரு சிறு கிண்ணத்தில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மகளை அயலில் விட்டிருந்தாள். குசினியைச் சுற்றிப் பார்த்தாள், அடுப்பின் சூட்டைக் கையால் பார்த்தாள், பிறகு சேலையை வரிந்து கட்டினாள். அன்று நான் அவளுக்கு எடுபிடி. பத்து இறாத்தல் கிழங்கு சீவிக் கொடுத்தேன். பன்னிரண்டேகாலுக்குச் சலாது ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு அவர்களுடைய வான் வண்டி வந்தது. எட்டுப் பேரும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சப்பாத்தில் சேற்றோடு வந்தார்கள். முகவர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், கொழும்புச் சிங்களவர், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். நான் பரிமாறினேன். மாமா வெள்ளைச் சட்டையில் சுவரோரம் நின்றார். பாக்கியம் குசினிக் கதவின் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலாது சுற்றி வந்தது. ஒரு பெண்மணி இரண்டாம் தரம் எடுத்தார். மேசைக் கோடியில் ஒரு முதியவர், கனடாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், முட்கரண்டியில் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டு போனவர் நிறுத்தினார். அட்டையை எடுத்து வாசித்தார். பிறகு மாமாவிடம் ஆங்கிலத்தில், இதில் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டார்.

முகவர் மாமாவைப் பார்த்தார். மாமா முகவரைப் பார்த்தார். "சேர்ந்திருக்கிறது, ஐயா. புது முட்டை, இன்று காலைதான் வந்தது" என்றார் மாமா.

முதியவர் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நன்றி சொல்லி, தட்டைச் சற்றுத் தள்ளி வைத்து, பாணை எடுத்து வெறுமனே சாப்பிடத் தொடங்கினார். குளிர்ந்த இறைச்சியையும் அவர் தொடவில்லை, எதிலும் முட்டை கலந்திருக்குமோ என்ற பயம் போலும்.

கதவின் பின்னாலிருந்து பாக்கியம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் பெரியவரு ஏங்க தின்ன மாட்டேங்கிறாரு? உப்புக் கூடிருச்சா?"

"முட்டை போட்டிருக்கு என்று மாமா சொல்லிவிட்டார். பெரியவருக்கு முட்டை ஆகாது போலிருக்கிறது."

"முட்டையா?" அவள் குரல் உயர்ந்தது. "எங்க தொரைக்கும் ஆகாதுங்க! அதுக்காகத்தானே அவரு இத இப்பிடிச் செஞ்சாரு!" நான் தடுக்குமுன் கதவைத் தள்ளிக்கொண்டு மேசையருகே வந்துவிட்டாள். ஈரக் கை, நெற்றியில் வியர்வை. எட்டு வெள்ளைக்காரரும் நிமிர்ந்தார்கள். அவள் அந்த முதியவரைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டினாள். "முட்டை இல்லீங்க ஐயா. எண்ணெயும் இல்லீங்க. கெழங்கும் கடுகுந்தான். பயப்படாம சாப்பிடுங்க."

மொழிபெயர்க்க வேண்டியவள் நான். மாமா பக்கம் பார்க்காமல், அவள் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். அட்டையில் உள்ளது பிழை என்றும் சொன்னேன். முதியவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உறுதியாகவா என்று கேட்டார். உறுதியாக, நானும் கூட நின்று செய்தேன் என்றேன். அவர் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். முதலில் ஒரு துண்டு, சற்றுக் காத்திருந்து இன்னொன்று. விருந்துகளில் இருபது வருடமாக இந்தச் சலாதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததாகச் சொன்னார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். எப்படிச் செய்வது என்று கேட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பாக்கியம் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அகப்பைக் கணக்கை அவர் எப்படி எழுதினாரோ தெரியாது.

மாமாவின் காதுகள் சிவந்திருந்தன. முகவர் புறப்படும்போது மாமா அவரைத் தனியே கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்டார். அந்த இளைஞர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சாப்பாட்டு விஷயத்தில் இனி உண்மை மட்டும் எழுதுங்கள் என்றார். வாரா வாரம் அனுப்ப முடியாது, மாதம் இருமுறை சனி ஞாயிறுகளில் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். மாமா எதிர்பார்த்ததில் அது பாதி.

வான் போன பிறகு மாமா குசினிக்குள் வந்தார்.

"நான் சொன்னது பிழை, பாக்கியம். அந்த மனுசன் இதைச் சாப்பிட்ட பிறகு கேட்டிருந்தா, முட்டை இனி ஒண்டும் செய்யாது எண்டு என்ரை பேச்சை நம்பி வேறை எங்கையாவது முட்டை கலந்ததைச் சாப்பிட்டிருப்பார்... நான் மருந்து கலந்த ஆள், எனக்கு இது தெரிஞ்சிருக்க வேணும்." பிறகு, "இங்கையே வேலைக்கு வந்திடு. பின்பக்கம் அறை இருக்கு, மகளையும் கூட்டி வா" என்றார்.

அவள் பாய்ந்து ஒப்புக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன். பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"முழுசா வர முடியாதுங்க ஐயா. வேலைக்கி வரலேன்னு தோட்டத்துல பேர வெட்டிட்டா காம்பராவும் போயிரும். நாளைக்கி இங்க ஆளு வராமப் போனா நானும் புள்ளையும் எங்க போறது? வேல இல்லாத நாளும், சனி ஞாயிறும் வர்றேன். அதுக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க."

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சமையற்காரி என்றால் எப்போதும் இருக்க வேண்டும் என்று வாதாடினார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவளை விட்டால் வேறு ஆளில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. கடைசியில் அவள் சொன்னபடியே முடிந்தது. மிஞ்சிய சலாதை ஒரு சட்டியில் போட்டு மூடி, மகளுக்கென்று எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் போனாள்.

திங்கட்கிழமை காலை ரயிலில் நான் திரும்பினேன். பதுளையை விட்டு ஏறும்போது இருபுறமும் மலைச்சரிவுகளில் கூடைகளோடு பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் முகமும் அந்தத் தூரத்தில் தெரியாது. வரும்போதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன், ஆனால் நினைவில்லை. இப்போது ஒவ்வொரு வரிசையையும், அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தேன். இந்த வாரம் எத்தனை நாளுக்குப் பேர் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

கொழும்பில் எல்லோரும் கேட்பது துன்ஹிந்தவைப் பற்றித்தான். பதுளை வரை போய் நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் வந்ததற்காகச் சிரிக்கிறார்கள். ஆசிரியர் அறையில் இந்தச் சலாதைச் செய்து வைத்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே கிடைப்பது பல நாள் கிடங்கில் கிடந்த கிழங்கு, அன்று தோண்டிய வெலிமடைக் கிழங்கு உறிஞ்சியதுபோல் இது உறிஞ்சவில்லை. ஆகவே சாப்பிட விரும்புகிறவர்கள் அங்கேயே போவது நல்லது. பதுளை நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம், நீல வாசல், சனிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் போனால் மாமாதான் சமைப்பார். அதற்கு நான் பொறுப்பில்லை.